ஆநிரை காக்கும் அகப்படை

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். ஆநிரையே செல்வமாய் விளங்கிய பண்டைநாளில், பகைநாட்டின்மேற் செல்லக் கருதிய வேந்தன் முதற்கண் அந்நாட்டு ஆநிரையைக் கவர்ந்துவருமாறு தன் மறவரை ஏவுவான். கவரச் சென்றோர் வெட்சிப்பூச் சூடினர். மீட்கச் சென்றோர் கரந்தைப்பூச் சூடினர். இருமருங்கினரும் கலந்து பொரும் பூசலிடையே, தம்மவர் இவர், மாற்றார் இவர் என வேறுபிரித்து அறிதற்கு ஓர் அடையாளம் வேண்டுமன்றோ? தலையிற் சூடிய பூவே அவ்வடையாளமாய் உதவிற்று எனக் கொள்ளுதல் தகும். புறத்திணை பயிலுந்தோறும் இச்செய்தியை யான் ஒரு பழங்கதையாகவே கருதிவந்தேன். ஆநிரையின் உடம்பினுள்ளேயே இடையறாது நடக்கும் வெட்சியும் கரந்தையும் உண்டென்பதும், அங்கும் ஓர் அடையாளத்தைக் கொண்டே தன்னதும் பிறிதும் அறியப்படுகின்றன என்பதும் சென்ற ஆண்டில்தான் எனக்கு விளங்கின. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முன்னர்க் கூறி, அதன்பின் பொருளுட் புகுவேன்.

எங்கள் வீடு இராயபுரத்தில் உள்ளது. துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கு வண்டிகளின் இரைச்சலும் காசிமேட்டினின்று வீசும் மீன்மணமும் ஓயாத எங்கள் தெருவின் கோடியில், தகரக்கூரை வேய்ந்த மாட்டுக்கொட்டில் ஒன்று உண்டு. அதற்கு உரியவர், தெருவார் அனைவராலும் ‘ஆயா’ என்று அழைக்கப்பெறும் முதிய அம்மையார். அவரிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. ஒன்று, கறுப்பும் வெள்ளையும் விரவிய கலப்பினப் பசு. குடம் நிறையக் கறக்கும். மற்றொன்று, பொன்னேரிப் பக்கத்து அவர் பிறந்தவூரினின்று கொணர்ந்த சிறிய நாட்டுப்பசு, செம்பளவே கறக்கும். சென்ற ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் எங்கள் பகுதியிற் கோமாரி பரவிற்று. கலப்பினப் பசுவின் நாவும் குளம்பும் புண்ணாயின. பால் அறவே நின்றது. அதன் இளங்கன்று மூன்றாம் நாட்காலையில் இறந்துகிடந்தது. நாட்டுப்பசுவோ இரண்டு நாள் வாயில் நுரை தள்ளி நின்று, பின் வைக்கோலைக் கடிக்கத் தொடங்கிற்று. கறவை நின்றமையால் மாடு வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவும் அவருக்கு வழியில்லை.

பால் வாங்கச் சென்ற என்னை நோக்கி ஆயா, “ஒரே கொட்டாய், ஒரே தண்ணி, ஒரே வைக்கோல். ஒண்ணு படுத்துக்கிச்சு, ஒண்ணு நிக்குது. காலேஜுல படிக்கிறியே தம்பி, ஏன்னு சொல்லு” என்றார். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எனக்கு விடை தெரியவில்லை. ஆயினும், அவர் கேட்டது வெறுங்கேள்வியன்று. அடுத்து எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எந்தக் காளையின் வித்தைச் சேர்ப்பது என்னும் வாழ்க்கைக் கேள்வியாகும். ஆதலின் அதனை விட்டுவிட மனம் வரவில்லை.

வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எனக்கு அண்ணன் முறையாகும் உறவினர் ஒருவர் பயில்கின்றார். 1903-ஆம் ஆண்டில் இருபது மாணாக்கரோடு தொடங்கிய அக்கல்லூரி, 1936-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்திற் பட்டம் பெறுதற்கு வழிசெய்தது. 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அஃது இன்று விளங்குகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் எமக்கு அண்மையிலுள்ள மாதவரத்திலேயே இருக்கின்றது. அவ்வண்ணன் பல மாலைப்பொழுதுகளில் எனக்கு உரைத்தவற்றையும், அவர் காட்டிய நூல்களில் யான் கற்றவற்றையும் என்போன்ற கலைப்பிரிவு மாணாக்கர் அறியுமாறு ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

நோய்க்கிருமி உடம்பினுட் புகுங்கால் அதனை எதிர்ப்போர் இருதிறத்தார். முதற்றிறத்தார், வந்தவன் யாவன் என்று ஆராயாது எதிர்ப்படும் அயற்பொருளையெல்லாம் விழுங்கும் வெள்ளணுக்கள். இரண்டாந் திறத்தாரோ ஆராய்ந்து அறிபவர். ஒருமுறை கண்ட பகைவனை மறவாதவர். இவருள்ளும் ஒரு பிரிவினர் குருதியிற் கலந்து திரியும் எதிர்ப்பொருள்களைச் சுரப்பர். மற்றொரு பிரிவினர் ‘டி அணுக்கள்’ எனப்பெறுவர். கோமாரி முதலியவற்றை உண்டாக்கும் வைரஸ் என்னும் நுண்கிருமி குருதியிலேயே நின்றுவிடுவதன்று. உடம்பின் உயிரணு ஒன்றனுள் நுழைந்து, அதனையே தன் பட்டறையாக்கிப் பல்கிப் பெருகும். குருதியில் திரியும் எதிர்ப்பொருள் அடைத்த வீட்டினுட் புகாது. அங்ஙனமாயின், உள்ளே கள்வன் உளன் என்பதை வெளியே நிற்கும் காவலன் அறிவது எவ்வாறு?

இதனை விளக்க எங்கள் ஊரினின்றே ஓர் உவமை கூறலாம். என் பாட்டனார் துறைமுகக் கிடங்கொன்றிற் கணக்கராய் இருந்தவர். தானியம் மூட்டை மூட்டையாய் வந்திறங்கிய அந்நாளில், ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தல் இயலாது. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, அதன் குழிவில் வந்த சில மணிகளைக் காட்டுவார்கள். நோட்டம் பார்ப்பவர் அம்மணிகளைக் கண்டே உள்ளிருப்பது நற்சரக்கோ வண்டு விழுந்ததோ என்று சொல்லிவிடுவார். உடம்பின் உயிரணுக்களும் இதனையே செய்கின்றன. தம்முள் உண்டாகும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக்கி, அத்துணுக்குகளைக் குத்தூசிபோற் குழிந்த ஓர் ஏந்துபொருளில் வைத்து, தம் புறத்தோலின்மேல் நீட்டிக் காட்டுகின்றன. இத்துணுக்குகள் பெரும்பாலும் எட்டு முதற் பத்து அமினோ அமிலங்களின் கோவை. டி அணு அவ்வழியே வந்து நோட்டம் பார்க்கின்றது. துணுக்கு தன் உடம்பினதாயின் கடந்து செல்கின்றது. அயலானதாயின் அவ்வுயிரணுவை உள்ளிருக்கும் கள்வனோடு சேர்த்து அழிக்கின்றது. இவ்வேந்துபொருளே இக்கட்டுரை பேசும் உடற்காவற் குறி. இதன் மற்றொரு வகை, வெளியே விழுங்கப்பட்ட கிருமிகளின் துணுக்குகளைச் சற்று நீளமாக ஏந்திக் காட்டி, பிற காவலரை எழுப்புவது.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் மாட்டிற்கும் மாட்டு மருத்துவர்க்கும் சிறந்த பங்குண்டு. காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாய்ப் போவதைக் கால்நடை வளர்ப்போர் நெடுநாளாக அறிவர். தாயின் கருவறையில் அவ்விரண்டன் குருதிக்குழல்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுதலே அதற்குக் காரணம். 1945-ஆம் ஆண்டில் இரே ஓவன் என்னும் அமெரிக்க அறிஞர், இத்தகைய இரட்டைக் கன்றுகளின் குருதியில் தன் அணுக்களோடு மற்றதன் அணுக்களும் வாழ்நாள் முழுதும் கலந்திருப்பதைக் கண்டார். கருவில் அறிமுகமான அயலானை உடம்பு பின்னாளிற் பகைவனாகக் கொள்வதில்லை என்பது அதனாற் புலப்பட்டது. 1951-இல் பீட்டர் மெடவாரும் அவர்தம் துணைவரும் அத்தகைய இரட்டைக் கன்றுகளுள் ஒன்றன் தோலை மற்றொன்றில் ஒட்டவைத்தபொழுது, அத்தோல் பட்டுப்போகாமல் நின்றது. தன்னது இது, பிறிது இது என்னும் அறிவை உடம்பு பிறக்குமுன்னரே கற்கத் தொடங்குகின்றது என்னும் பேருண்மை இவ்வாறு நிலைபெற்றது. 1960-ஆம் ஆண்டின் நோபெல் பரிசை மெடவாரும் பர்னட்டும் பெற்றனர்.

அயலுடம்பின் தோலை ஏற்காமல் தள்ளச் செய்யும் குறிகள் யாவை என்னும் ஆராய்ச்சி இதனோடு உடன்வளர்ந்தது. சுண்டெலியில் அவற்றை 1936-இல் பீட்டர் கோரரும், மனிதரில் 1958-இல் ழான் டாசேயும் கண்டனர். மாடுகளில் 1978-ஆம் ஆண்டு முதல் அவை தெளிவாக அறியப்பட்டன. மாட்டின் வெள்ளணுக்களில் அறியப்பட்டமையால் ‘போவைன் லூகோசைட் ஆண்டிஜென்’ என்று பெயரிட்டு, ‘போலா’ எனச் சுருக்கி வழங்குகின்றனர். ஆயினும், ஒட்டுத்தோலைத் தள்ளுதற்காகவா இயற்கை இக்குறிகளைப் படைத்தது? காட்டிலும் தொழுவிலும் ஒரு மாட்டின் தோலை மற்றொன்றிற்கு ஒட்டுவார் இலரே! இதற்கு விடை 1974-இற் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உழைத்த பீட்டர் டாகர்ட்டி, ரோல்ப் சிங்கர்நாகல் என்னும் இருவர், டி அணுவானது வைரஸை அறிவது தன் உடம்பிற்குரிய குறியில் ஏந்திக் காட்டப்பட்டபொழுதே என்று நிறுவினர். 1996-இல் நோபெல் பரிசு பெற்ற இவ்விருவருள் டாகர்ட்டி கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பது வேப்பேரி மாணாக்கர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. ஏந்துபொருளின் நடுவே துணுக்கைத் தாங்கும் பள்ளம் இருப்பதை 1987-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்ப் படங்கள் புலப்படுத்தின.

இனி மரபின்கண் வருவாம். பிரன் நகரத்து மடத்திற் பட்டாணிச்செடி வளர்த்த துறவி மெண்டல், ஒவ்வோர் உயிரும் தன் இயல்புகளைத் தாயினின்று ஒரு பங்கும் தந்தையினின்று ஒரு பங்குமாக, இணையிணையாய்ப் பெறுகின்றது என்று 1865-ஆம் ஆண்டிலேயே காட்டினார். மாட்டின் உயிரணுவில் அம்மரபுச் செய்தி முப்பது இணைக் குரோமோசோம்களில் எழுதப்பட்டிருக்கின்றது. அவற்றுள் இருபத்து மூன்றாம் இணையில் போலா மரபணுக்கள் ஒரு குடியிருப்பைப் போல நெருங்கி அமைந்துள்ளன. நெருங்கியிருத்தலின் அவை பெரும்பாலும் பிரியாமல் ஒரு கொத்தாகவே கன்றுக்குச் செல்கின்றன.

இம்மரபணுக்களுக்கு வேறெவற்றிற்கும் எளிதிற் காணாத ஓர் இயல்பு உண்டு. ஏனைய மரபணுக்கள் பல, ஓர் இனத்து மாடுகள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். போலா மரபணுக்களோ மாட்டுக்கு மாடு வேறுபடுகின்றன. அவற்றுள் ‘டி. ஆர். பி. 3’ என்னும் ஒன்றற்கு மட்டும் இதுவரை முந்நூற்றிற்கும் மேற்பட்ட வடிவங்கள் கண்டறியப்பட்டுள்ளன. வேறுபாடும் எங்கோ ஒரு மூலையில் இல்லை. துணுக்கைத் தாங்கும் பள்ளத்தின் சுவரிலும் அடியிலுமே மிகுதியாக உள்ளது. ஆகவே ஒரு மாட்டின் பள்ளத்திற் செவ்வனே பொருந்தும் கிருமித்துணுக்கு மற்றொரு மாட்டின் பள்ளத்திற் பொருந்தாமற் போகலாம். பொருந்தினால் காவலன் காண்பான், பொருந்தாவிடிற் காணான். ஒரே கொட்டிலில் ஒரே கிருமி புகுந்தும் ஒரு மாடு விரைந்து விழித்தெழுவதற்கும் மற்றொன்று காலம் தாழ்ப்பதற்கும் இஃது ஒரு காரணம்.

இயற்கை ஏன் இத்துணை வடிவங்களைப் பேணி வைத்தது? எல்லா மாடுகளுக்கும் ஒரே வடிவம் இருப்பின், அப்பள்ளத்திற் பொருந்தாதவாறு தன் உருவை மாற்றிக்கொண்ட ஒரு கிருமி தோன்றிய நாளில் மந்தை முழுதும் ஒருசேர வீழ்ந்துபடும். வடிவங்கள் பலவாயின், சில வீழினும் சில நிற்கும். நின்றவை வழியே மந்தை மீண்டும் தழைக்கும். தனி மாட்டிற்கும் இது பொருந்தும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி வேறொன்றுமாக இருவகை வடிவம் பெற்ற கன்று இருவகைப் பள்ளத்தால் துணுக்குகளை ஏந்துகின்றது. நெருங்கிய உறவுடைய காளைக்கும் பசுவிற்கும் பிறந்து, இருபாலும் ஒரே வடிவம் பெற்ற கன்றுக்கு ஒரு குத்தூசியே வாய்க்கின்றது. ஒற்றுமையே வலிமை என்று நாம் பலகாலும் பேசுகின்றோம். ஆநிரையின் உடற்காவலிலோ வேற்றுமையே வலிமை.

இவை ஏட்டளவில் நிற்பன அல்ல என்பதற்குச் சான்றுகள் உள. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய மார்த்தினீக்கில் பிராமன் என்னும் திமில் மாடுகள் வளர்க்கப்படுகின்றன. அவ்வினம் நம் நாட்டு ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் மாடுகளின் வழித்தோன்றல்; ஓங்கோலோ நமக்கு வடக்கே நெல்லூர்ப் பக்கத்துச் சீமைக்கு உரியது. அத்தீவில் உண்ணியின் துணையாற் கடுமையாகும் ஒரு தோல்நோய் அம்மாடுகளை வாட்டிற்று. பிரெஞ்சு அறிஞர், நோய்க்கு எளிதில் இரையாகும் மாடுகளில் ஒரு குறிப்பிட்ட போலாக் கொத்து மிகுந்திருப்பதைக் கண்டு, அக்கொத்துடையவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்கினர். ஐந்தாண்டுகளில், நூற்றுக்கு 76 ஆக இருந்த நோயின் அளவு 2 ஆகக் குறைந்தது. 2003-இல் வெளிவந்த இவ்வாய்வு குறியறிந்து இனம் பெருக்குதலின் பயனைக் காட்டுகின்றது.

கோமாரிக்கும் இதனோடு தொடர்புண்டு. வைரஸின் சிறு புரதத்துணுக்கு ஒன்றைச் செயற்கையாய்க் கோத்துத் தடுப்பு மருந்தாக்கலாம் என்று சென்ற நூற்றாண்டின் இறுதியிற் சிலர் முயன்றனர். எல்லா மாடுகளும் அதனால் ஒரே அளவிற் பயன்பெறவில்லை. அத்துணுக்கைத் தாங்கவல்ல போலா வடிவம் மாட்டுக்கு மாடு வேறுபட்டமை அதற்கொரு காரணமாகக் காணப்பட்டது. இறந்த வைரஸை முழுமையாகக் கொண்ட தடுப்பூசியில் துணுக்குகள் பலவாதலின், எந்தப் பள்ளத்திற்கும் ஏதேனும் ஒன்று பொருந்தக்கூடும். நம் நாட்டிற் கோமாரிக்கு இத்தகைய ஊசியே போடப்படுகின்றது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனை இலவயமாகப் போடுகின்றனர்.

குறியறிவின் மற்றொரு பக்கத்தைக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அஃது அச்சம் தருவது. சினை ஊசி வழக்கிற்கு வந்தபின், ஒரு காளையின் வித்து உறைநிலையிற் காக்கப்பட்டுக் கடல் கடந்தும் செல்லலாயிற்று. பால்வளத்திற் சிறந்த ஒரு காளை பல்லாயிரம் கன்றுகளுக்குத் தந்தையாகின்றது. அமெரிக்காவில் 1952-இல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்னும் ஹோல்ஸ்டீன் காளை அவ்வாறு புகழ்பெற்றது. அதன் மரபில், எவரும் அறியாத ஒரு சிறு பிழை மறைந்திருந்தது. வெள்ளணுக்கள் குருதிக்குழலின் சுவரைப் பற்றி நின்று, அதனைப் பிதுக்கிக்கொண்டு புண்ணுள்ள இடத்திற்குச் செல்ல உதவும் ஒரு பிடிப்புப்புரதம் உண்டு. அப்புரதத்தை எழுதும் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, 128-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்திற்குப் பதிலாக வேறொன்று அமைந்துவிட்டது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற கன்றின் குருதியில் வெள்ளணுக்கள் வெள்ளமென நிறைந்திருக்கும். ஆயினும் ஒன்றேனும் சுவரைக் கடந்து வெளியேற மாட்டாது. கோட்டைக்குள் படை நிறைந்திருக்க, கதவு திறவாமையால் ஊர் எரிவதைப் போன்றது அக்கன்றின் நிலை. வாயிற் புண், நுரையீரற் சுரம், கழிச்சல், ஆறாத காயம் என ஒன்றன்பின் ஒன்றாய் வருந்தி, பெரும்பாலும் ஓராண்டிற்குள் அது மடியும். ஒருபாற் பிழை மட்டும் உடைய காளையும் பசுவுமோ யாதொரு குறையுமின்றி வாழும். அத்தகைய இரண்டு சேரின் நான்கு கன்றுகளுள் ஒன்று இவ்வாறு பிறத்தல் மெண்டல் விதி. 1992-இல் இப்பிழையைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர், அந்நாட்டு ஹோல்ஸ்டீன் காளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 இதனை மறைவாகச் சுமந்திருந்தன என்று காட்டினர். ஒரு காளையைப் பலரும் விரும்பியதன் விளைவு அது.

அவ்வினத்தின் வித்து நம் நாட்டிற்கும் வந்தது. பிழையும் உடன் வந்தது. இந்தியக் காளைகளிலும் அதனைச் சுமப்பன கண்டறியப்பட்டன. எனவே, ஹோல்ஸ்டீன் காளைகளையும் அவற்றின் கலப்பினக் காளைகளையும் வித்து நிலையத்தில் ஏற்குமுன் இக்குறைக்காகச் சோதித்தல் வேண்டும் என்று அரசு விதித்துள்ளது. சோதனை எளியது. ஒரு துளிக் குருதியினின்று மரபுப்பொருளைப் பிரித்து, வேண்டிய பகுதியைப் பன்மடங்கு பெருக்கி, குறிப்பிட்ட எழுத்துக்கோவையில் மட்டும் வெட்டும் கத்திரிப் புரதம் ஒன்றைச் சேர்ப்பர். வெட்டுண்ட துண்டுகளின் நீளத்தைக் கொண்டே பிழை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆயாவின் கன்று இறந்தது கோமாரியாலேயன்றி இக்குறையால் அன்று என்பதை ஈண்டுத் தெளிவுறுத்தல் வேண்டும். ஆயினும், தந்தைக் காளை எது என்று அறியாமல் வித்துச் சேர்ப்பதில் என்ன இடர் உண்டு என்பதற்கு இவ்வரலாறு போதும்.

நம் நாட்டு மாடுகளின்பால் வருவாம். வெக்கை நோய் என்னும் கொடிய கொள்ளைநோய் மந்தை மந்தையாய் மாடுகளை மாய்த்த காலத்தில், அதனை ஆராய்தற்கென 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டு, 1893-இல் இமயச் சாரலின் முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. மலைநாட்டு மாடுகள் அந்நோய்க்கு எளிதில் மடிய, சமவெளி மாடுகள் பெரிதும் தாங்கி நிற்பதை அங்கு உழைத்தோர் கண்டனர். ஒரு நோய் நெடுங்காலம் நிலவிய நாட்டில், அந்நோயே ஆண்டுதோறும் மந்தையைப் புடைத்துச் சலித்துத் தாங்கவல்லவற்றை எஞ்சவிடுகின்றது. உண்ணியாற் பரவும் தைலீரியா என்னும் குருதிநோய் இன்றும் கலப்பின மாடுகளைக் கடுமையாகத் தாக்குகின்றது. நாட்டு மாடுகளைப் பெரும்பாலும் இலேசாகவே தொட்டுச் செல்கின்றது. ஆயினும் வெக்கை நோயை உலகினின்று ஒழித்தது மரபின் வலிமை அன்று. தடுப்பூசியே என்பதை மறத்தலாகாது. 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டை நிலையம் முதலிய இடங்களில் ஆக்கப்பெற்ற மருந்தும், ஊர்தோறும் நடந்து அதனைச் செலுத்திய ஊழியர் உழைப்பும் அவ்வெற்றிக்குக் காரணம். 2011-ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்று ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

கருணாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிலையத்தார் காங்க்ரேஜ் மாட்டின் டி. ஆர். பி. 3 வடிவங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர்; தென்னாட்டு மாட்டினங்களும் பின்னர் ஆராயப்பட்டன. நாட்டு மாடுகள் வடிவங்களில் வளம் மிக்கன என்பது அவற்றாற் புலனாயிற்று. தமிழ்நாட்டிற்குரியனவாகக் காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என ஐந்தினம் உண்டு. காங்கயத்தைப் பேணி உயர்த்தியதிற் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் தொண்டு பெரிது. உம்பளச்சேரியைத் திருவாரூர் மாவட்டத்துக் கொருக்கைப் பண்ணை காத்துவருகின்றது. வறண்ட கொங்குநிலம், நீர் தேங்கும் காவிரிக் கழனி, அந்தியூர் மலைக்காடு, மதுரை சிவகங்கைப் புன்செய் என வெவ்வேறு நிலத்தில் வெவ்வேறு நோய்களோடு பொருது நின்ற மரபுகள் இவை. ஏரும் கவலையும் இயந்திரத்திற்கு இடங்கொடுத்தபின் இவற்றின் தொகை குறைந்தது. ஓரினம் அழியின் அழிவது கொம்பின் அழகும் திமிலின் எழிலும் மட்டும் அல்ல. இன்னும் தோன்றாத நோய்க்கு விடையாகக்கூடிய குறிகளும் உடன் அழிகின்றன. எரிந்த ஏட்டுச்சுவடியை எவர் மீண்டும் எழுதவல்லார்?

ஆயினும் இங்கு மூன்று எச்சரிக்கை வேண்டும். முதலாவது, நாட்டுமாடு நோய்க்கே அஞ்சாதது என்று எண்ணுதல் பிழை; கோமாரி அதனையும் தொடும், ஊசி அதற்கும் வேண்டும். இரண்டாவது, நோய் தாங்குதல் போலாக் குறியொன்றாலேயே அமைவதன்று. மாட்டின் அகவை, முன்பெற்ற நோய், போட்ட ஊசி, கன்று குடித்த சீம்பால், தீனி, சினை, கறவையின் சுமை ஆகிய அனைத்தும் கூடியே முடிவு செய்கின்றன. மூன்றாவது, ஒரு நோய்க்கு நல்லதென்று கண்ட குறியை மட்டும் பொறுக்கிப் பெருக்கின், மந்தை மீண்டும் ஒரே வடிவத்திற்குச் சுருங்கிவிடும். ஒரு நோய்க்கு அரணான வடிவமே மற்றொரு நோய்க்கு வாயிலாதலும் உண்டு. தீங்கான குறியை விலக்குதல் வேறு. ஒன்றையே வழிபட்டு ஏனையவற்றை ஒழித்தல் வேறு. கலப்பினப் பசுவைப் பழித்தலும் அறமன்று. அதன் பாலன்றோ எங்கள் தெருவில் எத்தனையோ குழந்தைகளை வளர்த்தது; ஆயாவின் பெயரனைப் பள்ளிக்கு அனுப்பியது!

இவற்றையெல்லாம் அறிந்தபின் ஒருநாள் மாலை ஆயாவிடம் சென்றேன். குரோமோசோம் என்றும் புரதம் என்றும் சொல்லவில்லை. குத்தூசிக் கதையைச் சொன்னேன். கிடங்கில் மூட்டை சுமந்த கணவரை உடையவராதலின் உடனே புரிந்துகொண்டார். ஒரே காளையின் வித்தைத் தாய்க்கும் மகளுக்கும் சேர்க்கலாகாது என்றும், சினை ஊசி போடும்பொழுது உறைவித்துக் குச்சியின்மேல் எழுதியுள்ள காளையின் எண்ணைக் கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும் என்றும், நாட்டுப்பசுவை விற்றுவிடாமல் நாட்டுக்காளையோடே சேர்த்து ஒரு கிடாரியேனும் எடுத்தல் நன்று என்றும் அண்ணன் சொல்லியனுப்பியவற்றைக் கூறினேன். ஆயா நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அப்போ அது செத்தது என் குத்தம் இல்லையா?” என்று கேட்டார்.

அவ்வளவு நாளும் அவர் கேட்க நினைத்த கேள்வி அதுவே என்று அப்பொழுதுதான் அறிந்தேன். இல்லை என்றேன். ஊசி போடும் நாளை மட்டும் இனித் தவறவிட வேண்டா என்றேன். கூரையிடையிற் செருகியிருந்த பால்கணக்கு நோட்டை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு இழுத்துத் தருமாறு கேட்டார். ஒரு பத்தியில் நாள், மற்றொரு பத்தியில் காளையின் எண். இன்று அப்பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதப்பட்டுள்ளன. நாட்டுப்பசு சினையாய் நிற்கின்றது.